கள்ளுக் காடியும் வஞ்சிரமும்: முத்தியால்பேட்டையில் ஒரு பிலிப்பைன்ஸ் அடுப்பு

பிலிப்பைன்ஸ் நாட்டு உணவு என்றவுடன் நம் பக்கத்தில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது, காணொளிகளில் பார்த்த பாலூட் என்னும் வாத்து முட்டைதான். கரு வளர்ந்த முட்டையை வேகவைத்து, உப்பும் காடியும் (வினிகர்) தொட்டு உண்ணும் அந்த வழக்கத்தை அருவருப்புக் காட்சியாக மட்டுமே திரும்பத் திரும்பக் காட்டி, 7641 தீவுகளைக் கொண்ட ஒரு நாட்டின் சமையல் முழுவதையும் ஒரு முட்டை ஓட்டுக்குள் அடைத்துவிட்டார்கள். அந்தச் சமையலின் உயிர் புளிப்பில் இருக்கிறது. புளியங்காய், பிலிம்பிக்காய், பச்சை மாங்காய், கொய்யா, கலமான்சி என்னும் சிற்றெலுமிச்சை, எல்லாவற்றுக்கும் மேலாகத் தென்னங்கள்ளும் கரும்புச்சாறும் புளித்து உருவாகும் பலவகைக் காடிகள் என, புளிப்பை இத்தனை நுட்பமாகப் பிரித்தறிந்து கையாளும் மக்களின் உணவு, புளிக்குழம்பில் வளர்ந்த நமக்கு அந்நியமாக இருக்கக் காரணமே இல்லை. இதைச் சொல்லால் விளக்குவதை விடச் சோற்றில் ஊற்றிக் காட்டும் ஓர் இடம் இப்போது புதுச்சேரியில் இருக்கிறது என்பதே இந்த மதிப்புரையை எழுதக் காரணம்.

முத்தியால்பேட்டையில், கடலை நோக்கிச் செல்லும் குறுக்குத் தெரு ஒன்றில், பெயர்ப்பலகை எதுவும் இல்லாத வீட்டின் கீழ்த்தளத்தில் இந்தச் சமையல் நடக்கிறது. கணவர் புதுச்சேரிக்காரர், சரக்குக் கப்பல்களில் பல ஆண்டுகள் சமையற்காரராகப் பணிபுரிந்தவர். உலகக் கப்பல்களில் பிலிப்பைன்ஸ் மாலுமிகள் இல்லாத தளம் அரிது என்பதால், அவர்களுக்குப் பிடித்த வகையில் சமைக்கத் தெரியாமல் அந்த வேலையில் நிலைத்திருக்க முடியாது என்கிறார். மனைவி பனாய் தீவில் உள்ள இலோய்லோ நகரைச் சேர்ந்தவர். 2023ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உணவுக்கலைப் படைப்பாக்க நகரங்களின் பட்டியலில் இடம்பெற்ற நகரம் அது. சனி, ஞாயிறு ஆகிய இரு நாள்களில் மட்டுமே சமைக்கிறார்கள்; வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும். திண்ணையை ஒட்டிய கூடத்தில் சுமார் பன்னிரண்டு பேர் அமர்ந்து உண்ணலாம். மற்றவர்கள் பாத்திரம் கொண்டுவந்து வாங்கிச் செல்கிறார்கள்.

அந்நாட்டு உணவுகளில் பெயர்பெற்றது அடோபோ. கோழியையோ பன்றி இறைச்சியையோ காடி, சோயா சாறு, நசுக்கிய பூண்டு, முழு மிளகு, பிரிஞ்சி இலை ஆகியவற்றுடன் அடக்கமான தீயில் வேகவைத்துச் சாறு சுண்ட விடுவதே அதன் செய்முறை. ஸ்பானியர்கள் வருமுன்பே தீவுவாசிகள் இறைச்சியைக் காடியிலும் உப்பிலும் சமைத்து வந்தார்கள். வெப்ப நாட்டில் கறி கெடாமல் இருக்க அதைவிட எளிய வழி வேறில்லை. 1613இல் அச்சான தகாலோக் மொழி அகராதியில், உள்ளூர் மக்களின் அடோபோ என்று ஸ்பானியப் பாதிரியார் ஒருவர் இதைக் குறித்து வைத்தார். சோயா சாறு சீன வணிகர்கள் வழியாக வந்து சேர்ந்தது. சோயா சேராத வெள்ளை அடோபோவே பழமையானது என்று கருதப்படுகிறது. இந்த வீட்டில் இரண்டும் கிடைக்கின்றன, எனக்கு வெள்ளை அடோபோவே மேலாகப் படுகிறது. சோயாவின் கருமை இல்லாதபோது காடியின் தரம் ஒளிந்துகொள்ள இடமிருப்பதில்லை.

அந்தக் காடிதான் இந்த அடுப்பின் பெருமை. கடையில் புட்டியில் விற்கும் வெள்ளை வினிகரில் பெரும்பாலானவை நீர்த்த அமிலம். மூக்கைத் துளைக்கும் காரம் தவிர அவற்றில் சுவை என்று சொல்ல ஒன்றுமில்லை. பிலிப்பைன்ஸில் தென்னங்கள், நிப்பா பனையின் பதநீர், கரும்புச்சாறு ஆகிய ஒவ்வொன்றிலிருந்தும் வட்டாரத்துக்கு ஏற்பத் தனிக் காடி எடுக்கிறார்கள். லூசோன் தீவின் வடக்கே கரும்புக் காடி கருத்திருக்கும், புலாக்கானில் உள்ள பாவோம்போங் ஊரின் நிப்பாக் காடிக்குத் தனிப் பெயர் உண்டு, விசாயாத் தீவுகளில் தென்னங்கள்ளுக் காடியே ஆட்சி செய்கிறது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருப்பதால் கடலூரில் இருந்து இதைச் செய்ய முயல்பவருக்கு முதற்படியிலேயே வழி அடைபடும். புதுச்சேரியில் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் இருப்பதால் இவர்களுக்கு மூலப்பொருள் தடையின்றிக் கிடைக்கிறது. வாங்கிவந்த கள்ளை வாயகன்ற மண்சாடியில் ஊற்றி, மெல்லிய துணியால் வாய்கட்டி, வெயில் படாத மூலையில் வாரக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். கள்ளில் உள்ள சர்க்கரை முதலில் சாராயமாக மாறி, பின்பு துணி வழியே புகும் காற்றின் துணையோடு நுண்ணுயிர்களால் காடியாக மாறுகிறது. காற்று புகாமல் இறுக மூடினால் அந்த இரண்டாம் மாற்றம் நிகழாது. இப்படி விளைந்த காடியில் புளிப்புக்குப் பின்னால் ஒரு மெல்லிய இனிப்பும் பழவாசனையும் எஞ்சி நிற்கின்றன. அடோபோவில் காடி ஊற்றியபின் கொதி வரும்வரை கிளறக்கூடாது, கிளறினால் பச்சைப் புளிப்பு கறியிலேயே தங்கிவிடும் என்பது அந்நாட்டுச் சமையலறைகளின் விதி. இங்கும் அதை மீறுவதில்லை. நல்ல மீன்குழம்பைப் போலவே அடோபோவும் மறுநாள்தான் முழுச்சுவைக்கு வருகிறது என்பதால், சனிக்கிழமை வாங்கி ஞாயிறு மதியம் உண்பவர்களே புத்திசாலிகள்.

அடோபோவை அறிந்தவர்கள்கூட சினிகாங்கை அறியாமல் இருக்கிறார்கள். என் கணிப்பில் இந்த வீட்டின் முதன்மையான உணவு அதுவே. சினிகாங் என்பது புளித்த தெளிசாறு. இளம் புளியங்காயை வேகவைத்து மசித்து வடிகட்டிய சாற்றில் தக்காளி, வெங்காயம், முள்ளங்கி, நீளக் காராமணி, வெண்டைக்காய், கத்தரிக்காய், நீண்ட பச்சை மிளகாய், கடைசியாக வள்ளைக்கீரை என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து, மீனோ இறாலோ பன்றி இறைச்சியோ போட்டு இறக்குவார்கள். சாறு சற்றுக் கெட்டிப்பட வேண்டுமானால் சேப்பங்கிழங்கு ஒன்றிரண்டு குழைய வேகும். தாளிப்பு இல்லை, மஞ்சள் இல்லை, மல்லித்தூள் இல்லை. நம் குழம்பில் புளியை மசாலாவும் எண்ணெயும் தாங்கிப் பிடிக்கின்றன. சினிகாங்கில் புளி தனியே நிற்கிறது, அதன் கூர்மை காய்கறியின் இனிப்பாலும் மீனின் சாரத்தாலும் மட்டுமே தணிகிறது. இவ்வளவு வேறுபட்ட இரு சமையல்களும் ஓரிடத்தில் சந்திக்கின்றன: அங்கும் அரிசி களைந்த இரண்டாம் நீரைக் கீழே கொட்டாமல் சாற்றுக்கு அடிநீராக எடுத்து வைக்கிறார்கள். புளி கரைக்கக் கழுநீரை எடுத்துவைத்த பாட்டிமார்கள் இருந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு, அந்த நீர் தரும் வழவழப்பும் மென்மையும் முதல் கரண்டியிலேயே தெரிந்துவிடும்.

மார்கழி, தை மாதங்களில் பச்சைப் புளியங்காய் கிடைக்கும்போது சென்றால் சாறு வெளிர்நிறத்தில், கண்ணைக் கூசவைக்கும் புளிப்போடு வரும். மற்ற மாதங்களில் பிலிம்பிக்காயைப் பயன்படுத்துகிறார்கள். அந்தப் புளிப்பு இன்னும் மெலிதானது, இலைவாசனை கலந்தது. பிலிப்பைன்ஸ் நகர வீடுகள் பலவற்றில் இன்று புளிப்பொடிப் பொட்டலம்தான் சினிகாங்குக்கு ஆதாரம். இங்கே பொட்டலம் நுழைவதில்லை. கடலூர்த் துறைமுகத்திலிருந்தோ தேங்காய்த்திட்டிலிருந்தோ அன்று வந்த மீனைப் பொறுத்து சங்கராவோ கொடுவாவோ போடுகிறார்கள். சங்கராத் தலை போட்ட சினிகாங்குக்கு நிகராக ஒரு மழைநாள் உணவை என்னால் எண்ணிப் பார்க்க இயலவில்லை. உடன் ஒரு கிண்ணத்தில் பத்திஸ் என்னும் மீன்நொதிச்சாறும் அதில் நசுக்கிய மிளகாயும் தருவார்கள். மீனை அதில் தொட்டு, சோற்றில் சாற்றை ஊற்றி உண்ண வேண்டும்.

இப்படித் தொட்டுக்கொள்ளும் கிண்ணங்களைச் சாவ்சாவான் என்று வழங்குகிறார்கள். காடி, மிளகாய், பூண்டு, மீன்சாறு, கலமான்சி என்று பல கிண்ணங்கள் மேசையில் இருக்கும். உண்பவர் தம் நாவுக்கேற்பக் கலந்துகொள்ளலாம். சமைத்தவர் முடிவுசெய்த சுவையை உண்பவர் மாற்றுவது நம் வீடுகளில் சில வேளைகளில் மனத்தாங்கலில் முடியும். அங்கே அது உண்பவரின் உரிமை. இலோய்லோவின் சினாமாக் என்னும் காடி இவற்றுள் தலையாயது. தென்னங்கள்ளுக் காடியில் காந்தாரி மிளகாய், பூண்டு, இஞ்சி, முழுமிளகு ஆகியவற்றோடு அரத்தையையும் நறுக்கிப் போட்டு ஊறவிடுவார்கள். நாட்டு மருந்துக் கடையில் இருமலுக்கு வாங்கும் அரத்தை ஒரு காடிப் புட்டிக்குள் இவ்வளவு மணக்கும் என்பதை நான் இங்கேதான் அறிந்தேன். இந்தச் சினாமாக்கைத் தனியாகவும் புட்டியில் விற்கிறார்கள். வறுத்த நெத்திலியோடு அதைச் சேர்த்துப் பாருங்கள் என்பதே என் பரிந்துரை.

அதே சினாமாக்கோடு வருவது கோழி இனசால். இலோய்லோவுக்கு எதிரே நீக்ரோஸ் தீவில் உள்ள பாக்கோலோட் நகரம் இதற்குப் பேர்போனது. ஆனால் இரு கரைகளிலும் இது அன்றாட உணவு. கோழித் தொடையைக் காடி, சிற்றெலுமிச்சைச் சாறு, எலுமிச்சம்புல், இஞ்சி, பூண்டு ஆகியவற்றில் ஊறவைத்து, செந்நிற அச்சுவேத்தே விதை ஊறிய எண்ணெயைத் தடவித் தடவிக் கரியடுப்பில் சுடுகிறார்கள். கலமான்சி இங்கே எளிதில் கிடைக்காததால் எலுமிச்சைச் சாற்றோடு கமலா ஆரஞ்சுச் சாற்றைக் கலக்கிறார்கள். அது முழு ஈடாகாது. கலமான்சியின் தோலில் உள்ள மணம் இதில் இல்லை. ஆயினும் தோல் கருகாமல், உள்ளே ஈரம் வற்றாமல், எலும்புவரை புளிப்பு இறங்கிய அந்தக் கோழியைத் தந்தூரியில் சலித்தவர்கள் அவசியம் உண்ண வேண்டும். இனசாலுக்குத் தரும் சோற்றின்மேல் அந்தச் செந்நிறக் கொழுப்பெண்ணெயை ஊற்றிக்கொள்ளும் வழக்கம் உண்டு. கேட்டால்தான் தருவார்கள், கேளுங்கள்.

கினிலாவ் எல்லோருக்குமானதல்ல. நெருப்பு படாத மீனைக் காடியில் ஊறவைத்து உண்பது என்று சொன்னால் பலர் முகம் சுளிப்பார்கள். வஞ்சிரத்தைச் சிறு கட்டங்களாக நறுக்கி, முதலில் ஊற்றிய காடியைப் பிழிந்து கொட்டிவிட்டு, புதுக் காடியில் இஞ்சி, சின்ன வெங்காயம், மிளகாய், வெள்ளரி ஆகியவற்றோடு கலந்து, கடைசியில் தேங்காய்ப்பால் சேர்க்கிறார்கள். அமிலம் பட்டவுடன் மீனின் புரதம் இறுகி, கண்ணாடிபோல் இருந்த சதை வெண்மையாகிவிடும். ஆனால் அது வெந்ததற்குச் சமமன்று. காடி எல்லாக் கிருமிகளையும் புழுக்களையும் கொல்வதில்லை. இதை அறிந்து, மீனைச் சுழியத்துக்குக் கீழே 20 டிகிரியில் 7 நாள் உறையவைத்த பிறகே இவர்கள் கினிலாவுக்கு எடுக்கிறார்கள். பச்சை மீனின் துள்ளலான மென்மை அதனால் சற்றே குறைகிறது. அதைக் குறையாகக் கொள்ள மாட்டேன். உண்பவர் நலத்துக்காகச் சுவையில் ஒரு சிறு பங்கை விட்டுக்கொடுப்பது நேர்மையான சமையல். கருவுற்றவர்களும் குழந்தைகளும் முதியவர்களும் இதைத் தவிர்ப்பதே நல்லது என்று அவர்களே சொல்லி அனுப்புகிறார்கள்.

புளிப்பே இல்லாத காரே-காரே இங்கே கிடைக்கும் உணவுகளில் வரலாறு மிகுந்தது. வறுத்து அரைத்த வேர்க்கடலையும், வறுத்துப் பொடித்த அரிசியும் சேர்த்துக் கெட்டியாக்கிய செம்பொன் நிறக் குழம்பு இது. மாட்டுவாலோடு சமைப்பதே மரபு; அதோடு வாழைப்பூ, காராமணி, கத்தரிக்காய் ஆகியவை சேரும். இது மெட்ராஸ் சிப்பாய்கள் வழியாக வந்தது என்று பிலிப்பைன்ஸில் ஒரு வழக்கு உண்டு. 1761 சனவரியில் புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கைப்பற்றிய ஆங்கிலேயர், மறு ஆண்டே மெட்ராசிலிருந்து படை திரட்டிக் கப்பலேற்றி, 1762 அக்டோபரில் மணிலாவை வென்றார்கள். 1764இல் அவர்கள் வெளியேறியபோது, படையில் வந்த சிப்பாய்களுள் ஒரு பகுதியினர் திரும்பாமல் மணிலாவுக்குக் கிழக்கே கைந்தா என்னும் ஊரில் தங்கி, உள்ளூர்ப் பெண்களை மணந்து குடும்பமானார்கள். இதுவரை வரலாறு. அந்தச் சிப்பாய்கள் ஊர்ச்சுவையை நினைத்துக் கிடைத்த பொருளில் சமைத்ததே காரே-காரே என்பது வாய்வழிக் கதை. அதற்கு எழுத்துச் சான்று கிடையாது, வேறு கதைகளும் வழங்குகின்றன. ஆனாலும் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிப் போனவர்கள் அந்த மண்ணில் கலந்தார்கள் என்பது உறுதி. அந்தக் கரையில் அமர்ந்தே இதை உண்கிறோம் என்னும் எண்ணம் எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

காரே-காரேயில் உப்பு இருக்காது. முதல்முறை உண்பவர்கள் சப்பென்று இருப்பதாகக் குறைகூறிவிடுகிறார்கள். பக்கத்தில் வைக்கும் பகோங்கை ஒவ்வொரு கவளத்திலும் சிறிது சேர்த்துக்கொள்ள வேண்டும். பகோங் என்பது உப்பில் நொதித்த கூனி இறால் விழுது. நம் கரையில் சென்னாக்கூனி என்று வழங்கும் அதே சிற்றிறால்தான் அதற்கும் மூலம். நாம் அதை வெயிலில் காயவைக்கிறோம், அவர்கள் உப்போடு சாடியில் நொதிக்க விடுகிறார்கள். இவர்கள் பச்சைக் கூனி வரும் பருவத்தில் கடலூர் முதுநகரிலிருந்து வாங்கிவந்து தாமே பகோங் போட்டு, பூண்டு, தக்காளி, சிறிது சர்க்கரையோடு வதக்கித் தருகிறார்கள். கருவாட்டு மணத்தை விரும்புகிறவர்களுக்கு இது வரப்பிரசாதம். வேர்க்கடலையும் கடலூர் மாவட்டத்ததே. மாட்டிறைச்சி உண்ணாதவர்களுக்கு வாழைப்பூவை மிகுதியாகப் போட்டுக் காய்கறிக் காரே-காரேயும் செய்கிறார்கள். உண்மையில் எனக்கு அதுவே நிறைவாக இருந்தது.

லும்பியாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்தோசீனாவுக்குப் பிரெஞ்சுப் படையில் போன குடும்பங்கள் கொண்டுவந்த சாயோ என்னும் வியட்நாமியப் பொரிச்சுருளை அறிந்த புதுச்சேரிக்காரர்களுக்கு, சீனர் வழியே பிலிப்பைன்ஸ் சென்ற இந்த விரல்கனச் சுருள் உடனே பிடித்துவிடும். சாயோவுக்கு அரிசித்தாள், லும்பியாவுக்கு மெல்லிய கோதுமைத்தாள். முறுமுறுப்பில் எனக்கு இன்னமும் சாயோவே முந்தி நிற்கிறது. பான்சித் என்னும் அரிசிநூல் வதக்கலும் சுமாரே. பிறந்தநாள்களில் நீண்ட ஆயுளுக்கு அடையாளமாக அதைப் பரிமாறுவது அந்நாட்டு மரபு. இங்கே எண்ணெய் சற்றுக் கூடுதலாகி, நூல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன.

சிசிக்கில்தான் எனக்கு உண்மையான ஏமாற்றம். பம்பாங்கா மாநிலத்தில் பழங்காலத்தில் புளிப்பான காய்க்கலவையாக இருந்த சிசிக்கை, 1970களில் ஆங்கெலெஸ் நகரத்தில் லூசியா குனானான் என்னும் அம்மையார், பன்றித்தலை இறைச்சியைச் சுட்டு நறுக்கி, வெங்காயமும் கலமான்சியும் சேர்த்து, கொதிக்கும் இரும்புத்தட்டில் பரிமாறி இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தார் என்று போற்றப்படுகிறார். அருகிலிருந்த கிளார்க் அமெரிக்க விமானப்படைத் தளத்தில் பயன்படாமல் ஒதுக்கப்பட்ட தலைகளே அதற்கு மூலப்பொருள் ஆயின என்பார்கள். காதின் குருத்தெலும்பு நறுக்கென்றும், கன்னத்துக் கொழுப்பு இளகியும், ஈரல் குழைந்தும் ஒரே வாயில் வர வேண்டும். இங்கே வெறும் தொடைக்கறியை நறுக்கி, மயோனைசை மேலே ஊற்றிவிடுகிறார்கள். புளிப்பை இவ்வளவு நன்றாக அறிந்தவர்கள் அதை முட்டைக்கொழுப்பால் மூடுவது எனக்கு வருத்தமளித்தது. தலைக்கறி கிடைப்பது கடினம் என்றால் அந்த வாரம் சிசிக் இல்லை என்று சொல்லிவிடலாம்.

சனிக்கிழமை மாலை நான்கு மணிமுதல் வீட்டு வாசலில் தள்ளுவண்டி ஒன்றை நிறுத்தித் தெருவோரத் தின்பண்டங்கள் செய்கிறார்கள். மதியத்துக்கும் இரவுக்கும் இடையே சிற்றுண்டி உண்ணும் மெரியெந்தா வழக்கம், ஸ்பானியர் விட்டுச்சென்றவற்றுள் அந்நாட்டு மக்கள் மனமார ஏற்றுக்கொண்ட ஒன்று. மணிலாத் தெருவில் மீனுருண்டை வண்டியைச் சுற்றி நிற்பவர்கள், கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியிலிருந்து தாமே மூங்கில் குச்சியால் உருண்டைகளைக் குத்தியெடுத்து, இனிப்பு, காரம், காடி ஆகிய கிண்ணங்களில் ஒன்றில் முக்கி உண்பார்கள்; எத்தனை உண்டோம் என்பதை உண்டவரே சொல்லிக் காசு கொடுப்பார். முத்தியால்பேட்டையில் குச்சியால் குத்தியெடுக்கும் உரிமை நமக்கு இல்லை. எண்ணெய்ச் சட்டியருகே சிறுவர்கள் நெருங்கும் இடத்தில் அந்த எச்சரிக்கை சரியானதே.

காடை முட்டையை வேகவைத்து, செம்மஞ்சள் நிற மாவில் தோய்த்துப் பொரிக்கும் க்வெக்-க்வெக் இந்த வண்டியின் நட்சத்திரம். முட்டை போண்டாவை அறிந்த நமக்கு உருவம் பழகியது. வேறுபாடு முழுவதும் வெங்காயமும் வெள்ளரியும் மிதக்கும் காடியில் இருக்கிறது. சூடாக எடுத்து அதில் முக்கினால் பொரிப்பின் கொழுப்பு அப்படியே அடங்கி, அடுத்த முட்டைக்குக் கை தானே நீள்கிறது. கோழிக்குடலைச் சுத்தம்செய்து குச்சியில் சுருட்டிச் சுடும் இசாவ், கோழிக்கால், உறைந்த இரத்தத்தைக் கட்டங்களாக வெட்டிச் சுடும் பண்டம் ஆகியவை அங்கே கல்லூரி வாசல்களில் மாணவர்களின் அன்றாடத் தீனி. இங்கே அவற்றுள் கோழிக்கால் மட்டும், அதுவும் முன்கூட்டிச் சொன்னால் கிடைக்கும். சுடும்போது தடவும் செந்நிறச் சாறு வாழைப்பழத்தில் செய்தது. தக்காளி அரிதான நாட்டில், மிகுதியாக விளையும் வாழைப்பழத்திலிருந்து கெச்சப் செய்யலாம் என்று வழிகாட்டியவர் மரியா ஒரோசா என்னும் உணவு அறிவியலாளர். அமெரிக்காவில் படித்து, அங்கே தங்கிவிடாமல் நாடு திரும்பி, உள்ளூர்ப் பொருள்களைக் கொண்டே மக்களின் பசியைத் தீர்க்க வழிதேடிய அவர், 1945இல் மணிலாவில் நடந்த போரில் குண்டுவீச்சில் உயிரிழந்தார். அவருடைய பெயரைத் தெருவோர உணவை விரும்புவோர் அனைவரும் அறிந்திருக்க வேண்டும்.

இனிப்பில் தூரோனைத் தவறவிடாதீர்கள். அவர்களுடைய சபா வாழைக்குப் பதிலாக இங்கே நன்கு பழுத்த மொந்தனை நீளவாக்கில் பிளந்து, பலாச்சுளைத் துண்டொன்றை உள்ளே வைத்து, லும்பியாத் தாளில் சுருட்டி, பழுப்புச் சர்க்கரை பாகாக உருகி ஒட்டும்வரை பொரிக்கிறார்கள். சித்திரை தொடங்கி ஆனிவரை பண்ருட்டிப் பலா வரும் காலத்தில் இது தன் தாய்நாட்டுத் தூரோனையே மிஞ்சும் என்று அந்த அம்மையாரே சொல்கிறார். பொரித்த சில நிமிடங்களுக்குள் தின்றுவிட வேண்டும். பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனால் தாள் நமுத்துப் போகும். ஹாலோ-ஹாலோவும் அப்படியே. சீவிய பனிக்கட்டியின்கீழ் வேகவைத்த பயறு, ஜவ்வரிசி, இளந்தேங்காய், வாழை, பலா ஆகியவற்றை அடுக்கி, மேலே பால் ஊற்றி, ஊதா நிற உபேக் கிழங்கின் களியும் முட்டைப் புட்டிங்கும் வைக்கும் இந்த இனிப்பு, பனிக்கட்டிமேல் பயறு இட்டு விற்ற ஜப்பானியக் குடியேறிகளிடமிருந்து அங்கே வந்ததாகச் சொல்லப்படுகிறது. ஈழத்தில் இராசவள்ளிக் கிழங்கு என்று போற்றப்படுவதே அந்த உபே. சீவல் இன்னும் மென்மையாக இருக்கலாம். தற்போது பரல்பரலாகப் பல்லில் இடறுகிறது.

மரக்கறி உண்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: காய்கறி மட்டும் போட்டது என்று தோன்றும் உணவிலும் மீன்சாறோ கூனி விழுதோ சேர்ப்பது பிலிப்பைன்ஸ் வழக்கம். முன்கூட்டிச் சொன்னால் தனிப் பாத்திரத்தில் அவையின்றிச் செய்து தருகிறார்கள். உலர்ந்த சேப்ப இலையைத் தேங்காய்ப்பாலில் மெதுவாக வேகவைக்கும் லாயிங்கைக் கேட்டு வாங்குங்கள். நாக்கு அரிக்காமல் பதமாக வந்திருந்தது. பன்றி இறைச்சிக்குத் தனி அடுப்பும் தனிச் சட்டியும் வைத்திருக்கிறார்கள் என்பதையும் நேரில் பார்த்தேன்.

விலை நியாயமானது. சோற்றோடு அடோபோ 260 ரூபாய், இருவர் உண்ணக்கூடிய மீன் சினிகாங் 420 ரூபாய், தூரோன் ஒன்று 30 ரூபாய். குறித்த நேரத்தில் உணவு தயாராவதில்லை என்பது அனைவரும் கூறும் குறை, அது உண்மையும்கூட. பசியோடு போய் நின்றால் பொறுமை சோதிக்கப்படும். இதைச் சொன்னபோது, “கரியடுப்பு ஒண்ணுதான் அண்ணே, இன்னொண்ணு போடணும்” என்றார் கணவர். போட்டால் நல்லது. தெருவில் கார் நிறுத்த இடமில்லை. தொட்டுக்கொள்ளும் சாறுகளைச் சின்னஞ்சிறு நெகிழிப் பைகளில் கட்டித் தருவதையும் கைவிட வேண்டும். புட்டி கொண்டுவருபவர்களுக்கு அதில் ஊற்றித் தரச் சொன்னால் மறுப்பதில்லை.

டிசம்பரில் மட்டும் செய்யும் இரண்டு பண்டங்களைத் தனியே குறிப்பிட வேண்டும். டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது விடியற்காலைகளில் நடக்கும் சிம்பாங் கபி என்னும் திருப்பலி முடிந்து வருபவர்களுக்காகப் பிலிப்பைன்ஸ் தேவாலய வாசல்களில் விற்கும் பிபிங்காவும் புத்தோ பும்போங்கும் அவை. வாழையிலை விரித்த மண்தட்டில் அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் ஊற்றி, மேலும் கீழும் தணலிட்டுச் சுடுவது பிபிங்கா. உப்பில் ஊறிய முட்டைத் துண்டும் துருவிய தேங்காயும் அதன்மேல் இருக்கும். ஊதா நிற அரிசிமாவை மூங்கில் குழாயில் அடைத்து ஆவியில் வேகவைத்து, வெண்ணெயும் தேங்காயும் பழுப்புச் சர்க்கரையும் தூவித் தருவது புத்தோ பும்போங். அந்த நாள்களில் மட்டும் இவர்கள் காலை ஐந்தரை மணிக்கே கதவைத் திறக்கிறார்கள். எட்டு மணிக்குள் எல்லாம் தீர்ந்துவிடும் என்பதால், கடலூரிலிருந்து வருபவர்கள் முதல் பேருந்தைப் பிடிப்பது நல்லது.